ஒரு கைப்பிடி வெள்ளைப் பொடி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடையிலிருந்து நீ அனுப்பிய யிட்டர்பியம் என்ற அருமண் பொடியில் வளர்த்த படிகம் பலித்துவிட்டது. உள்ளே அணுக்கள் முக்கோணம் முக்கோணமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்திலிருப்பதற்கு எதிராகவே திரும்பப் பார்க்கும். இரண்டு திரும்பிவிட்டால், மூன்றாவது எப்படித் திரும்பினாலும் ஒருவருக்குக் கோபம். ஆகையால் எவ்வளவு குளிரவைத்தாலும் அடங்காது என்பார்கள். என்னுடையது அடங்கிவிட்டது, அக்கா! வெப்பத்தை அளந்து வரைந்த கோட்டில் ஊசி மாதிரி ஒரு முகடு.

வேறு இரண்டு ஆய்வகங்களில் அது வரவில்லை. "உங்க பொடி சுத்தம்தானா?" என்று கருத்தரங்கில் எல்லோர் முன்னிலையிலேயே கேட்டார்கள். "எங்க அக்கா குடுத்தது, சோதிக்கவே வேண்டாம்" என்றேன்.

கட்டுரை அச்சாகிவிட்டது. கடைசி வரியில் உனக்கு நன்றி. வேலையும் நிரந்தரமாகிவிடும்.

உன் தம்பி


மார்ச் 19

அன்புள்ள ஐஸ்பெட்டித் தம்பிக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று தொடங்க மனசு வரவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

உன் டப்பாவை எடை போட்டபோது ஒரு கைப்பிடி குறைந்தது. பக்கத்து டப்பாவில் கடோலினியம் என்ற வேறொரு பொடி. அதுவும் வெள்ளைதான். அள்ளிப் போட்டு மூடினேன். லென்ஸ் கண்ணாடி செய்கிறவர்களுக்கு எத்தனையோ தடவை அப்படிக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தரும் மூச்சு விட்டதில்லை. தம்பிதானே, சோதித்தா பார்க்கப்போகிறான் என்று நினைத்தேன். அப்படியேதான் ஆயிற்று.

அந்த முகடு உன் காந்தம் அடங்கியதால் வந்ததா, என் கைப்பிடியால் வந்ததா என்று பாரடா. திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

நாலு மாதமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் கட்டுரை வந்த பத்திரிகையை வரவழைத்து, இங்கிலீஷ் தெரிந்த மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறாயாம். பொடியைச் சோதிக்காதது உன் பிழை மட்டுமேயாம். "யாரும்மா இந்த ஆளு, தானா போய்த் தலையக் குடுத்திருக்காரு?" என்றார். பத்திரிகையை வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நிரந்தர வேலை கைநழுவிப் போனதை உன் மனைவி எழுதித்தான் தெரியும். நன்றியில் என்னைச் சேர்த்தவன், பிழையில் மட்டும் விட்டுவிட்டாயே. காப்பாற்றினாயா, ஒதுக்கினாயா?

கலந்தது நான்தான் என்று கையெழுத்துப் போட்டு உன் துறைத் தலைவருக்கும் பத்திரிகைக்கும் அனுப்பிவிட்டேன். நகல் உள்ளே இருக்கிறது. லென்ஸ்காரர்களுக்கும் ஆளுக்கொன்று எழுதினேன். இன்று காலை முதலாவது டப்பா கடைக்குத் திரும்பி வந்தது. இன்னும் வரும். வரட்டும்.

இதோடு சின்ன டப்பா ஒன்று அனுப்புகிறேன். மேலே யிட்டர்பியம் என்று எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை என் சொல்லை நம்பாதே. சோதித்துப் பார்த்துவிட்டு, என்ன இருந்தது என்று மட்டும் எழுது.

அக்கா