குடை பிடித்த தவளை

திருநகர், மதுரை
ஆடி வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மாதங்கிக்கு அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஆதிரையும் சளி காய்ச்சல் இல்லாமல் நல்லபடியாக இருக்க மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேன், அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், பதறாமல் கடைசி வரைக்கும் படி. போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழுவாய், உன்னைத் தேற்றுவதிலேயே நான் சொல்ல வந்தது நின்றுபோகும். இங்கே ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது, தாள் பறக்காமல் இருக்க மேலே சொம்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நியூசிலாந்தில் இப்போது குளிர் என்றாயே, குழந்தையின் காதை மூடாமல் வெளியே கூட்டிப் போகாதே.

போன வாரம் வீடியோவில் பேசும்போது அப்பாவுக்குப் பின்னால் தோட்டத்தில் குடை பிடித்த தவளையைப் பார்த்துவிட்டு அப்படிச் சிரித்தாயே, பிளாஸ்டிக் பூவைக்கூட வீட்டுக்குள் விடாத மனுஷனா சிமெண்ட் தவளை வாங்கி வைத்திருக்கிறார் என்று கேட்டாயே, நான் பேச்சை மாற்றிவிட்டேன். நீ கேட்டது நியாயம்தான். தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சியில் ஒரு சிமெண்ட் முயலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வரவே மாட்டேன் என்று நீ அடம்பிடித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். “செடி நிக்கிற எடத்துல சிமெண்டுக்கு என்னம்மா வேலை” என்று சொல்லி அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார், பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாய், மறுநாள் அவர் ஒரு பன்னீர் ரோஜாப் பதியன் வாங்கி வந்து இது மாதங்கி செடி என்று நட்டார். அந்தச் செடி எப்போதோ போய்விட்டது, ஆனால் அந்த இடத்தை இன்னும் மாதங்கி பாத்தி என்றுதான் சொல்கிறோம். அப்பேர்ப்பட்டவர் ஏன் தவளை வாங்கினார் என்றால், அவருக்குக் கண் போய்விட்டது மாதங்கி. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போயிற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது, அவரும் கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டார். போனது திரும்ப வராதாம், மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. மிச்சம் என்றால் வலது கண்ணில் வெளிச்சம் எது இருட்டு எது என்று தெரியும், ஆள் நின்றால் நிழலாகத் தெரியும், அம்புட்டுதான். மாதங்கிக்குச் சொல்லக் கூடாது, சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாள் என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. நீ வீடியோவில் குழந்தை வரைந்த படத்தைக் காட்டியபோதெல்லாம் நான் அவர் தொடையில் மெல்லத் தட்டுவேன், உடனே நல்லாயிருக்குத்தா நல்லாயிருக்கு என்பார், உனக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது.

ஆர்.எம்.எஸ்.ஸில் ஓடுகிற ரயிலுக்குள் நின்றபடியே தபால் பிரித்தவர் அல்லவா, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் யாராலும் படிக்க முடியாத விலாசத்தையெல்லாம் சீதாராமனிடம் கொடு என்பார்களாம். அந்தக் கண் இப்படி ஆனதே என்று எனக்கு ஆறவில்லை. ஆனால் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விடியற்காலை டூட்டி முடித்து வந்தால் காப்பிகூடக் குடிக்காமல் தோட்டத்துக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தானே உள்ளே வருவார், அந்தப் பழக்கத்தை மட்டும் விடவில்லை, ஞாபகத்திலேயே நடந்துகொண்டிருந்தார். பங்குனியில் ஒருநாள் தண்ணீர் ஊற்றுகிற டியூப் காலில் சிக்கி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குப்புற விழுந்துவிட்டார். நெற்றியில் நல்ல சிராய்ப்பு. அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டார் என்று உன்னிடம் சொன்னது அதைத்தான். அதற்குப் பிறகு வெளியே வரவே இல்லை. ஹாலில் நாற்காலி, பக்கத்தில் ரேடியோ, சாப்பாடு, தூக்கம். மல்லிகை பூத்து உதிர்கிறது என்று நான் சொன்னால் உதிரட்டும் என்பார். உன் அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததுதான் அவர் விழுந்ததைவிட எனக்கு வலித்தது.

நான் என்ன செய்தேன், வாசல்படியிலிருந்து கிணறு வரைக்கும் நைலான் கயிறு கட்டினேன், அதைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும் என்று. கையில் கயிறு பட்டதும் “நான் என்ன மாடாடி” என்று கத்தினார். அவிழ்த்துவிட்டேன். பிறகு ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு சாதிகா வந்திருந்தாள், அவளும் பள்ளிக்கூட வேலையிலிருந்து ரிட்டையர் ஆகிவிட்டாள், காரை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறாள். அவள் அதட்டினால் மட்டும் அப்பா கேட்பார். “அண்ணே, வெயில்ல வந்து சித்த நில்லுங்கண்ணே, ஊறுகா மாதிரி உள்ளயே கெடக்கீங்க” என்று கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். படிக்குக் கீழே நம் பழைய ஆட்டுக்கல் கிடக்கிறதே, அதில் அப்பா கை பட்டது. தடவிப் பார்த்தார். “ஆட்டுக்கல்லா, அப்ப இந்தா இங்கன செம்பருத்தி” என்று தானே திரும்பிப் போய் நேராகச் செடியைத் தொட்டு ஒரு பூவைப் பறித்தார் மாதங்கி. ஒவ்வொரு திருப்பத்திலும் இந்த மாதிரி கை படுகிற ஒரு பொருள் இருந்தால் போதுமே என்று எனக்கு அப்போது தோன்றியது. கல் நட்டுவிடலாம் என்றேன். “வெறும் கல்லா நட்டா சுடுகாடு மாதிரி இருக்கும் சுந்தரம்மா, பொம்மையா வைப்போம்” என்றாள் சாதிகா.

திருமங்கலம் ரோட்டில் நீங்கள் காரில் போகும்போது பார்த்திருப்பீர்கள், சிமெண்ட் பொம்மைகளை வரிசையாக நிறுத்தி விற்பார்கள். அதில் முனீஸ்வரி என்று ஒரு பெண்ணின் கடைக்கு சாதிகா காரிலேயே போனோம். அன்னம், மான், சிங்கம், குடம் சுமக்கிற பெண், காளான், ஆந்தை, தாடி வைத்த குள்ளன், எல்லாம் புழுதியும் பெயிண்ட் வாசனையுமாக நிற்கின்றன. அப்பா காரை விட்டு இறங்க மாட்டேன் என்றார், இந்த வயதில் பொம்மைக் கடைக்கு என்னை இழுத்து வந்திருக்கிறாயே என்றார். கடைசியில் வெயில் தாங்காமல் இறங்கினார். முனீஸ்வரிக்கு விஷயம் தெரியாது, “ஐயா இந்தக் கலரைப் பாருங்க, நேத்துதான் அடிச்சது, எம்புட்டு பளபளன்னு இருக்கு பாருங்க” என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அவளுக்கு ஜாடை காட்டப் போனேன். அதற்குள் அப்பாவே “எனக்குக் கண்ணு தெரியாதும்மா” என்றார். சாதாரணமாக, மணி கேட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரி. ஆஸ்பத்திரியில்கூட அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பெண் கிட்டே வந்து “அப்பத் தொட்டுப் பாருங்கய்யா, நல்லா அமுக்கித் தொடுங்க, ஒடஞ்சா ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்று அவர் கையைப் பிடித்து முதல் பொம்மையின் மேல் வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போகிறார். சிங்கத்தின் மூஞ்சியைத் தடவி “யாரு வீட்டு நாயிம்மா இது” என்றார். சிங்கம்யா என்றாள் முனீஸ்வரி. “சிங்கம் வந்து பாத்தா ஒன் மேல கேஸ் போடும்” என்றார், அவள் சிரித்த சிரிப்பில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். குடம் சுமக்கிற பெண்ணின் மேல் தெரியாமல் கை வைத்துவிட்டு, தீப்பட்ட மாதிரி இழுத்துக்கொண்டு “தப்பா நெனைக்காதம்மா” என்று பொம்மையிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அங்கேயே ஒரு காளான் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், எத்தனை மாதமாயிற்று அப்படிச் சிரித்து. நானும் சாதிகாவும் எடுத்து வைத்த அன்னத்தை வேண்டாம் என்றுவிட்டார், கழுத்து மெலிசு, பிடித்தால் உடையும் என்றார். குனியாமல் கை எட்டுகிற உயரம் வேண்டும், ஒன்று மாதிரி இன்னொன்று இருக்கக் கூடாது, கூர் இருக்கக் கூடாது. இப்படித் தேடித்தான் குடை பிடித்த தவளை, கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற மான், காளான், ஆந்தை, தொப்பையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஒரு குண்டன் எல்லாம் வந்தன. தவளையின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்து, இவன் நல்லா பேசுவான்போல என்றார்.

வீட்டுக்கு வந்து நான்தான் அடுக்கினேன், வாசலிலிருந்து பார்த்தால் அழகாக இருக்கிற மாதிரி மானை ரோஜாவுக்கு நடுவிலும் தவளையைத் தொட்டி ஓரத்திலும் வைத்தேன். மறுநாள் அப்பா மாதங்கி பாத்திக்குள் இறங்கி வழி தெரியாமல் நின்றுவிட்டார். “நீ அழகுக்கு வச்சிருக்க, நான் வழிக்குக் கேட்டேன், திருமங்கலம் தபாலையும் அழகர்கோவில் தபாலையும் ஒரே பையில போட்டா ஊரு போய்ச் சேருமா” என்று கோபம். சரி நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன். தோட்டக்கார சோலை ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு நிற்பான், இவர் நடந்து பார்த்து இங்கே வை, கொஞ்சம் தள்ளி வை, மூஞ்சியைக் கிணற்றுப் பக்கம் திருப்பு என்பார். ஒரு பகல் முழுக்க அந்த வேலைதான், சோலை முகம் சுளிக்கவில்லை. இப்போது வாசல்படிதான் மதுரை ஜங்ஷன். முதல் திருப்பத்துத் தவளை திருப்பரங்குன்றம், செம்பருத்திக்குப் பக்கத்து மான் திருமங்கலம், மல்லிகைப் பந்தலுக்குக் கீழே காளான் கள்ளிக்குடி, எலுமிச்சையடி ஆந்தை விருதுநகர், கிணற்றடிக் குண்டன் சாத்தூர். அந்தக் காலத்தில் தபால் வண்டியில் அவர் போன பாதை. நான் அடுக்களையில் இருந்தால் வெளியிலிருந்து “கள்ளிக்குடி தாண்டியாச்சு” என்று சத்தம் வரும், எனக்கு அப்படியே நீ சின்னப் பிள்ளையாக இருந்த நாள் திரும்பிவிடும், ரயிலில் போகும்போது ஒவ்வொரு ஸ்டேஷன் பேரையும் உன்னை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்வாரே, நீ சாத்தூர் வரும் முன்னாலேயே தூங்கிப்போவாய்.

இனிமேல் சொல்வது என் சமாசாரம். போன திங்கட்கிழமை காலையில் பிரஷர் மாத்திரையைப் போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் கிணற்றடியில் துணி துவைக்கப் போனேன், தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை, கண் இருட்டிக்கொண்டு வருகிறது, என்னங்க என்று கூப்பிட்டேன், அந்தக் காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் மாதங்கி, அவர் படியிறங்கி வருகிறார், குடையைத் தொட்டார், மானின் கழுத்தைத் தொட்டார், ஓடவும் இல்லை தடுமாறவும் இல்லை, விலாசம் தெரிந்தவர் வருகிற மாதிரி நேராக என்னிடம் வந்து தலையில் கை வைத்து “எங்கடி பட்டுச்சு” என்றார். படவில்லை, மயக்கம்தான் என்றேன். திரும்பிப் போய் ஜீனி கரைத்த தண்ணீர் கொண்டுவந்தார், ஒரு கையில் சொம்பு, இன்னொரு கையால் பொம்மைகளைத் தொட்டுக்கொண்டே. பாதி வழியில் சிந்திவிட்டது. வாயில் வைத்தால் உப்பு, பக்கத்து டப்பாவை எடுத்திருக்கிறார், ஒன்றும் சொல்லாமல் குடித்தேன். இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டும்போது இந்த வரியைத் தாண்டிவிடுவேன். பிறகு சுவரோரம் போய் சாதிகாவைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டதும் அவர்தான். டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார், இப்போது எனக்கு ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் அப்பா சொன்னார், “இனிமே மாதங்கிக்கு எழுது, இப்ப எழுதினா பயப்பட மாட்டா.”

அதனால் எழுதுகிறேன், பயப்படாதே. வீட்டை விற்றுவிட்டு அங்கேயே வந்துவிடுங்கள் என்று நீயும் மாப்பிள்ளையும் சொல்வது பாசத்தில்தான், எனக்குத் தெரியாதா. ஆனால் இப்போதைக்கு வேண்டாம்மா. புது வீட்டில் கதவு எங்கே சுவிட்ச் எங்கே என்று எல்லாவற்றுக்கும் யாரையாவது கூப்பிட வேண்டும், இங்கே அவர் என்னையே கூப்பிடுவதில்லை. நான் முடியாமல் போகிற காலம் வந்தால் அப்போது நானே உனக்குச் சொல்வேன், மறைக்க மாட்டேன். லீவு கிடைத்தால் தை மாதம் வா, அழுதுகொண்டு வராதே. முக்கியமான விஷயம், இந்த அழுத்தம் குடும்பத்தில் வருமாம், நீ இந்த மாதமே கண்ணைக் காட்டிப் பார்த்துவிட வேண்டும், வேலை இருக்கிறது அது இது என்று தள்ளிப்போடாதே, பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சொல். ஆதிரை இங்கே வந்தால் தவளை மேலும் குண்டன் மேலும் ஏறி விளையாடட்டும், தாத்தாவுக்குச் சந்தோஷம்தான், ஆனால் எதையும் இடம் மாற்றக் கூடாது என்று இப்போதிருந்தே சொல்லி வை, நீயும் பெட்டியைப் பாதையில் வைத்துவிடாதே. சாதிகா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி, குழந்தைக்கு முத்தம், நீங்கள் மூன்று பேரும் நீடூழி வாழ வேண்டும். கீழே கோணலாக, என் கடைசி வரிமேல் ஏறி நிற்கிற கையெழுத்து அப்பா போட்டது. தாளின் ஓரத்தைத் தொட்டுக் காட்டியதோடு சரி, நான் கையைப் பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா சுந்தரம்மாள்

அப்பா
சீதாராமன்