சும்மா நிற்கிற ஆள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முட்டிவலியும் அதைப் பற்றிய புலம்பலும் தவிர இங்கே எல்லாம் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று கோபித்துக்கொண்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என் வேலை உனக்குத் தெரியும், எங்கள் அணுமின் நிலையத்தில் ஒரு யூனிட் கரண்டுக்கு என்ன செலவாகிறது என்று மற்ற நிலையங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. போன வருடம் பராமரிப்புச் செலவில் நாங்கள்தான் கடைசி. பம்ப் அறை வேலைக்கு மற்ற இடங்களில் இரண்டு பேர் கணக்கு, இங்கே மூன்று பேர். அந்த மூன்றாவது ஆள் உள்ளே போகவே மாட்டார், கதவருகே நின்று உள்ளே இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அறிக்கையில் 'சும்மா நிற்கிற ஆள்' என்று எழுதி அவரை எடுக்கச் சொன்னேன், மேலதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நிலையம் மூன்றாம் இடத்துக்கு வந்தது, எனக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஃபிட்டர் ஒருவர் அந்த அறையில் மயங்கி விழுந்தார். கூட வந்தவர் ஸ்பேனர் எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்தார், கதவருகே யாரும் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பார்த்தார்கள், உயிர் இல்லை. மாரடைப்பு என்று கோப்பை மூடிவிட்டார்கள். எனக்கு மனசு கேட்காமல் மற்ற நிலையங்களுக்குப் போன் போட்டேன். எல்லா இடத்திலும் அந்த மூன்றாவது ஆள் இருக்கிறார்டி, அவர் சம்பளத்தைப் பாதுகாப்புப் பிரிவில் காட்டுகிறார்கள், அதனால் என் பட்டியலில் வரவில்லை. அந்தப் போனை முன்பே போட எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து எந்தக் கதவைத் திறந்தாலும் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பதுபோல என் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். குளியலறைக்குக்கூட நான் தாழ் போடுவதில்லை, உள்ளே விழுந்தால் யாருக்கும் தெரியாதே என்று பயமாக இருக்கிறது.

துக்கம் விசாரிக்கப் போனபோது ஃபிட்டரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாத்திரை எடுத்து வைக்க மறந்துட்டேங்க, நான்தான் அவரைக் கொன்னுட்டேன்" என்றார். நான் வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன். வேலை போகலாம், அந்தம்மா என்னை அடிக்கவும் செய்யலாம். வேறு யார் வாயாலும் நீ இதைக் கேட்கக் கூடாது என்றுதான் முதலில் உனக்கு எழுதினேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழுங்கள். வழக்கமாகக் கடைசியில், மாப்பிள்ளைக்குப் பிரஷர் மாத்திரையை மறக்காமல் எடுத்துவை என்று எழுதுவேன். இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை, அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா