இன்றைய தேதிக்குக் கீழே நேற்றைய நேரம்

மாப்பிள்ளை,

இன்று காலை கடையைத் திறந்தபோது, உன் கம்ப்யூட்டர் திரைக்கு அடியில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டு தானாகக் கழன்று கீபோர்டு மேல் விழுந்தது. ஃபேன் போடவில்லை. கதவும் பாதிதான் திறந்திருந்தது. பசை காய்ந்து போயிருக்கும் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். சீட்டின் முதுகில் சுண்ணாம்புக்கல் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. நீ குவாரி ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் வண்டியிலும் சட்டையிலும் கொண்டுவந்த தூசி. முன்பக்கத்தில் உன் கையெழுத்து: "மாத்தினா மறுபடி அமுக்கணும், மாமா." மாமா என்பதற்கு அடியில் ரெண்டு கோடு.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே குவாரி ஊரிலிருந்து முருகேசன் வந்தார். இளைஞர் சங்கச் செயலாளர், உனக்குத்தான் தெரியுமே.

"அண்ணே, குவாரியை நம்ம ஊரு பக்கமா நீட்டறானுங்க. வெடி கிட்ட வருது. அந்த வெடி நேரம் போடற சைட்டை மறுபடி ஆரம்பிங்க."

"ஆரம்பிச்சிட்டா போச்சு," என்றேன். என் வாய் என்றைக்கு யோசித்திருக்கிறது?

"ஆனா உங்க மச்சினன் மாதிரி அசால்ட்டா இல்லாம, நீங்களே நேரடியா பாத்துக்கங்க. நீங்கன்னா நம்பிக்கை."

சொல்லிவிட்டு டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நாளை மறுநாள் திவசம்.

என்னைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் பாதி வரைக்கும் படித்தவன். ஆனால் பெரம்பலூரில் முதல் பிரவுசிங் சென்டர் வைத்தவன் நான்தான் என்று பழைய பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொல்லி வைத்திருக்கிறேன். உன் அக்காவைக் கட்டிக்கொண்டபோது நீ டவுசர் போட்ட பயல். பிற்பாடு நீ இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு, "இங்கேயே இருந்து சைட் பண்றேன் மாமா" என்று என் கடையில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தாய். நான் ஊரெல்லாம் சொன்னேன், அமெரிக்காக் கம்பெனி வேலையை என் மச்சினன் என் ஒரு வார்த்தைக்காக உதறிவிட்டு வந்தான் என்று. நீ சிரித்துக்கொண்டே தலையாட்டுவாய். என்னைப் பொய்யனாக்காமல் இருக்க நீ அப்போதிலிருந்தே பழகிவிட்டாய்.

குவாரிக்காரர்கள் பாறைக்கு வெடி வைப்பதற்கு முன்னால் சங்கு ஊதுவார்கள். அது கரண்டில் ஓடும் சங்கு. கரண்ட் போனால் ஊமை. ஒரு தடவை சங்கு ஊதாமலே வெடி வெடித்து, ஒரு வீட்டுச் சுவர் மேலிருந்து கீழ் வரை விரிசல் விட்டது. ஊர்க்காரர்கள் போய்ச் சண்டை போட்டார்கள். அதற்குப் பிறகுதான், தினமும் காலையில் குவாரி மேனேஜர் நமக்குப் போன் செய்து அன்றைய வெடி நேரத்தைச் சொல்வது, நாம் அதைச் சைட்டில் போடுவது, ஊர் சனம் போனில் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று.

முதல் மாதம் அந்தச் சைட் திறக்கவே இல்லை. குவாரிப் பள்ளத்துப் பக்கம் சிக்னல் ஒரு கோடுதான் நிற்கும். வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நீ ஒரு மத்தியானம் முழுக்க அந்தப் பள்ளத்தோரம் வெயிலில் நின்று, போனைப் பார்த்துப் பார்த்துத் திரும்பி வந்தாய்.

"லைப்ரரி ஃபைல்தான் மாமா சாவடிக்குது," என்றாய்.

"லைப்ரரியா? நம்ம ஊரு லைப்ரரிக்கும் இதுக்கும் என்னடா?"

"அது இல்ல மாமா. எவனோ எழுதி வச்ச ஜாவாஸ்கிரிப்ட் மூட்டை. படம் நகர்த்தறதுக்கு, காலண்டர் காட்டறதுக்குன்னு எல்லாம் அதுல இருக்கும். நமக்கு வேண்டியது ஒரே ஒரு நேரம். அதுக்கு இவ்ளோ பெரிய மூட்டையை அந்த ஒத்தைக் கோடு சிக்னல்ல இழுக்க வேண்டியிருக்கு."

பிறகு நீ செய்ததைப் பார்த்து நான் அசந்து போனேன். வேண்டாததை வெட்டினாய். மிச்சத்தில் இருந்த இடைவெளி, குறிப்பு எல்லாவற்றையும் எடுத்தாய். நீளநீளமான பெயர்களை ஒற்றை எழுத்தாக்கினாய். கடைசியில் ஒரு புரோகிராமை ஓடவிட்டு அதை அமுக்கினாய். ஒரே சொல் நூறு இடத்தில் வந்தால் ஒரு தடவை மட்டும் எழுதி, மற்ற இடங்களில் அடையாளம் வைத்துக்கொள்ளும் என்று விளக்கினாய். எங்கள் அப்பா பருத்திப் போராவுக்குள் இறங்கி மிதிமிதியென்று மிதிப்பார். மேலே குவிந்து கிடந்த பஞ்செல்லாம் அந்த ஒரே சாக்குக்குள் அடங்கும். எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கே லப்பைக்குடிக்காடு பாய் ஒருவரிடம், "நூறு மடங்கு சின்னதாக்கிட்டோம்" என்று சொன்னேன். பத்து மடங்கு இருக்கும். இல்லை, ஏழெட்டு.

சைட் பொசுக்கென்று திறந்தது. வட்டம் சுற்றவே இல்லை.

தினமும் நேரம் மாறுவதால் அந்த ஒரு வரியையும் நீ அதே ஃபைலுக்குள் வைத்துவிட்டாய். தனியாக இன்னொன்றை இழுக்க வேண்டாம் என்று. தேதியைத் தினம் டைப் செய்ய வேண்டாம், அந்தந்தப் போனிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னது நான். இதில் மட்டும் ஒரு துளி கற்பனை இல்லை மாப்பிள்ளை. அது என் யோசனைதான். நீயே "சூப்பர் மாமா" என்றாய். இன்றைக்கும் அந்தச் சைட் என்றால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சர்வரில் ரெண்டு ஃபைல் இருக்கும். ஒன்று நாம் கைவைத்து மாற்றும் மூலம், இன்னொன்று அமுக்கினது. ஊர்ப் போன்களுக்குப் போவது அமுக்கினதுதான். மூலத்தில் நேரத்தை மாற்றினால், மறுபடி அமுக்கி மேலே ஏற்ற வேண்டும். இல்லையென்றால் சர்வர் பழைய மூட்டையையே எடுத்து எடுத்துக் கொடுக்கும். அதற்குப் புதுசு பழசு தெரியாது. இதை எனக்கு எத்தனை தடவை சொன்னாய்! அதற்குத்தான் அந்த மஞ்சள் சீட்டும்.

அன்றைக்கு நீ கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தாய், உன் மகளுக்கு முடி இறக்க. காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று, "மேனேஜர் போன் பண்ணுவாரு மாமா. மாத்துங்க, அமுக்குங்க, ஏத்துங்க. மூணே வேலை," என்றாய்.

"போடா, எனக்கே பாடமா?" என்றேன்.

மேனேஜர் போன் செய்தார். வழக்கமாக நாலு மணிக்கு வைக்கும் வெடியை அன்று பன்னிரண்டரைக்கே வைப்பதாகச் சொன்னார். நான் மூலத்தில் நேரத்தை மாற்றினேன். நம் கம்ப்யூட்டரில் இருந்தபடியே திறந்து பார்த்தேன். பன்னிரண்டரை என்று பளிச்சென்று காட்டியது. அது நம் மேஜை மேல் இருந்த மூலம் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

அப்போதுதான் அந்த லப்பைக்குடிக்காட்டு பாய் உள்ளே வந்தார். துபாயிலிருந்து லீவில் வந்தவர், தம் கடைக்கு ஒரு சைட் வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "இதோ பாருங்க பாய், வெடி சைட். ஒரு ஊரு சனமே என் கையில இருக்கு. கட்டினது நான்தான். மச்சினன் சும்மா கூட இருந்தான்" என்று ஆரம்பித்து, நடுவில் டீ வரவழைத்து, ரெண்டு மணி நேரம் பேசினேன். என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் அந்த மஞ்சள் சீட்டு இருந்தது.

ஏத்தினேன். அமுக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஊரில் கரண்ட் போனது. ஆடு மேய்க்கும் அஞ்சலை, தன் மருமகளின் போனில் பார்த்திருக்கிறார். சைட் பொசுக்கென்று திறந்திருக்கிறது. மேலே அன்றைய தேதி, போனிலிருந்தே எடுத்துக்கொண்ட சரியான தேதி. அதற்குக் கீழே நேற்றைய நேரம், மாலை நாலு மணி. யாருக்குச் சந்தேகம் வரும்? குவாரிக் கரையில் புல் பச்சையாக இருக்கிறதென்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். சங்கு ஊதவில்லை. வெடி வைக்கும்போது நடும் சிவப்புக் கொடி பள்ளத்தின் அந்தப் பக்கம் இருந்தது. வெடிக்கிறதற்குக் கொஞ்சம் முன்னால் ஆடுகள் எல்லாம் மேய்ச்சலை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினவாம். இது அவரே பிற்பாடு சொன்னது.

கல் அவர் கணுக்காலை உடைத்தது. ஆடுகள் செத்தன. பதினாறு என்று நான் பெரம்பலூரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரெண்டு ஆடு. ஒரு கால். அவ்வளவுதான் கணக்கு, ஆனால் அந்தக் கால் இன்றுவரை நேராகவில்லை.

மறுநாள் ஊரே கடை வாசலில் நின்றது. நீ மொட்டையடித்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாய்.

"யாரு போட்டது இந்த நேரத்தை?" என்று கேட்டார் முருகேசன்.

நான் வாயைத் திறந்தேன். எப்போதும் எதையாவது பேசும் வாய், அன்றைக்குக் காற்றை மட்டும் விட்டது.

"என் சைட்டு. தப்பு என்னோடது," என்றாய் நீ.

"நம்பினோமேடா உன்னை!"

நீ மகளை மறு இடுப்புக்கு மாற்றினாய். குழந்தை அழுதது. நான் டீ கிளாசைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். சூடு போகும்வரை நின்றேன்.

அன்று சாயந்திரம் ஷட்டரை இறக்கும்போது நீ சொன்னது ஒன்றே ஒன்று. "மாமா, ரெண்டு ஃபைலும் எப்போ மாத்தினதுன்னு பாத்தேன். அமுக்கினது முந்தின நாளுது."

நான் பூட்டைத் தேடுவது போல் குனிந்தேன்.

"வுடுங்க. அக்காவுக்குத் தெரிஞ்சா உங்களைப் பேசியே கொன்னுடும்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் உன்னைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போனார்கள். உன் மேஜைக்கு வந்த வேலை ஒவ்வொன்றாக நின்றது. நாலு மாதத்தில் மாரடைப்பு. பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், தூங்குகிறாய் என்று நினைத்திருக்கிறார்கள். உன் சாவுக்கு அந்த ஊரிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. அஞ்சலை மட்டும் வந்தார், கம்பு ஊன்றிக்கொண்டு. "சின்னப் புள்ளதானே, என்னமோ மறந்துட்டான்," என்று உன் அக்காவின் கையைப் பிடித்து அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இன்று முருகேசன் போன பிறகு நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். உன் அக்கா திவசத்துக்குப் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். வழக்கம்போல் பெரிதாகத்தான் ஆரம்பித்தேன். கரண்ட் ஆபீஸ், குவாரி, பாய், சிக்னல் என்று ஆளுக்கொரு பங்கு வைத்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சுருக்கமா சொல்லுங்க."

சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நீயும் நானும் நினைத்தோமே, அவள் கத்தவில்லை. "வருஷம் பூரா அமாவாசைக்கு அமாவாசை அவனுக்குப் படைச்சேன். நீங்க பக்கத்துல நின்னு கற்பூரம் காட்டினீங்க," என்றாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன் மாப்பிள்ளை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது குவாரி ஊர் வழியாகப் போகும் அரியலூர் பஸ்ஸுக்காகக் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முதலில் அஞ்சலை வீடு, பிறகு முருகேசன். நான் சொல்லப்போகும் உண்மையைக் கேட்ட பிறகும் சைட்டை என்னிடம் கொடுத்தால் போடுவேன். மாற்றி, அமுக்கி, ஏற்றி, அந்த ஊருக்கே போய், பள்ளத்தோரம் நின்று, அவர்கள் போனில் பார்த்துவிட்டு வருவேன். தினமும். கொடுக்காவிட்டால் அதுவும் நியாயம்தான். வெடி மட்டும் கிட்டே வந்துகொண்டே இருக்கிறது.

உன் சீட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போவேன். அலங்காரத்தை எடுத்தேன். பாயை எடுத்தேன். பதினாறு ஆட்டில் பதினாலை எடுத்தேன். கரண்டை எடுத்தேன். நீ ஃபைலை வெட்டியது போல் வெட்டிக்கொண்டே வந்தால், கடைசியில் ஒரு வரிதான் மிஞ்சுகிறது. அதற்கு மேல் அமுக்க முடியவில்லை.

மறந்தது நான்.