பெயரில்லாத கருவி

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் என்னைத்தான் திட்டினார்கள்.

பெங்களூரு கல்யாண வீட்டாருக்கு வீடியோ காலில் முந்தானை டிசைனைக் காட்டிக்கொண்டிருந்தேன். மணப்பெண் ஏதோ கேட்கிறாள், படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் திரும்பவும் நிற்கிறது. கடைசியில் அந்தப் பெண்ணின் அம்மா, "உங்க நெட் சரியானதும் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

மேனேஜர் கதிர்வேல் எல்லோர் முன்னாலும் சொல்கிறான்: "கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்தத அழிச்சிட்டு எதையோ ஓசில ஏத்தி வெச்சா இப்டித்தாம்மா ஆவும்."

ஓசியாம். ரவுட்டர் கம்பெனி அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டது. முதலாளி உதயகுமார் சார் கேட்டுக்கொண்டதால்தான் போன வருடம் அதில் ஓபன் சோர்ஸ் ஃபர்ம்வேரை, இலவசமாகக் கிடைக்கிற ரவுட்டர் சாஃப்ட்வேரை, ஏற்றினேன். இத்தனை நாள் நன்றாக ஓடியதே, அப்போது யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? நான் சேலை டிசைன் வரைகிறவள். நெட் பார்ப்பது என் வேலையே இல்லை. பழி மட்டும் என்னுடையது.

ஜூன் 4, புதன்

லேப்டாப்பில் கேபிளை நேராகச் செருகிப் பார்த்தேன். முழு வேகம் வருகிறது. அப்படியென்றால் லைனில் கோளாறில்லை, வைஃபையில்தான். பக்கத்து ஜவுளிக்கடை வைஃபை இல்லாத சேனலாகப் பார்த்து மாற்றினேன். பாஸ்வேர்டு முறையைப் பார்த்தேன், புதியதுதான். ஃபர்ம்வேரின் புது வெர்ஷனையும் ஏற்றினேன். காலையில் பறந்தது. டீ நேரத்துக்கு முன்னால் படுத்துவிட்டது. அப்புறம் தானாகவே எழுந்தது. மதியம் மறுபடி படுத்தது.

நாள் முழுக்க மெதுவாக இருந்தால் புரிந்துகொள்ளலாம். இதென்ன, நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது?

ஜூன் 6, வெள்ளி

வீட்டுக்காரர் டேனியல் மேலே எரிந்து விழுந்தேன். சாதம் குழைந்துவிட்டது என்றுதான் சொன்னார், பாவம்.

ஜூன் 9, திங்கள்

திருப்புட்குழித் தறிக்கு டிசைன் போய்ச் சேரவில்லை. நெசவாளர் போனில் கத்துகிறார். கதிர்வேல் என் மேஜை பக்கத்திலேயே நின்றுகொண்டு, "பழையபடி மாத்திடுமா, ஏன் வம்பு?" என்கிறான்.

ஒன்று கவனித்தேன். வேகம் விழும்போதெல்லாம் கூட வேலை பார்க்கிற கிரேஸ் சீட்டில் இல்லை. பெண்கள் உடை மாற்றுகிற பின்கட்டு அறைக்குப் போயிருக்கிறாள். பிரசவ லீவு முடிந்து போன மாதம்தான் வந்தாள். அங்கே உட்கார்ந்து போனில் படம் பார்க்கிறாளோ? கேட்டுவிட்டேன். கொஞ்சம் காட்டமாகவே.

முகம் சுண்டிவிட்டது அவளுக்கு. "என் போன் மேஜமேலயே இருக்குதுக்கா, பாருங்க. கொழந்தைக்குப் பால் எடுக்கப் போறேன். நெஞ்சு கட்டிக்கினு வலிக்குது. சொன்னாத்தான் விடுவீங்களா?"

போன் மேஜை மேல்தான் இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

எழுதித்தான் ஆகவேண்டும்.

காலையில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். யார் யார் வைஃபையில் இருக்கிறார்கள், யார் எவ்வளவு வேகத்தில் பேசுகிறார்கள் என்று அதில் தெரியும். எங்கள் லேப்டாப், போன், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் நானே பெயர் வைத்திருக்கிறேன். பெயரில்லாமல் ஒன்று இருந்தது. சும்மா கிடந்தது. கிரேஸ் எழுந்து போனதும் அது அனுப்ப ஆரம்பித்தது. வாங்குவதே இல்லை, அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் படுமோசம். எங்கோ தடித்த சுவருக்குப் பின்னாலிருந்து ஆமை வேகத்தில். வைஃபை ஒற்றையடிப் பாதை மாதிரி. ஒருத்தன் நகர்ந்து நகர்ந்து போனால் பின்னால் வருகிற எல்லோரும் நின்றாக வேண்டும். எங்கள் வேகம் எங்கே போனது என்று புரிந்துவிட்டது.

யாரிடமும் சொல்லாமல் அதை மட்டும் தடுத்தேன்.

"அக்கா, சூப்பரா வந்துச்சு!" என்றாள் ஆஷிஃபா பக்கத்து மேஜையிலிருந்து. எல்லோருக்கும் வேகம் வந்துவிட்டது. ஒரே ஒருவன் கேபினிலிருந்து வெளியே வந்தான், கையில் போனோடு.

"இன்னாமா, நெட் கட்டாயிடுச்சா?"

"இல்லியே சார். இப்பத்தான் நல்லா வருது."

கதிர்வேல் என்னைப் பார்த்தான். போனைப் பார்த்தான். உள்ளே போய்விட்டான்.

கிரேஸ் வெளியே வந்ததும், தடையை எடுத்துவிட்டு லேப்டாப்பை ஆஷிஃபாவிடம் கொடுத்தேன். "அந்தப் பேரில்லாதது மறஞ்சா கூப்பிடு" என்று சொல்லிப் பின்கட்டு அறைக்குப் போனேன். ஃபேனை நிறுத்தினேன். மிக்ஸியைப் பிடுங்கினேன். கண்ணாடிக்குப் பக்கத்தில், நாற்காலிக்கு எதிரே, போன் சார்ஜர் மாதிரி ஒரு வெள்ளை அடாப்டர். யாருடையது என்று யாருமே கேட்டதில்லை. பிடுங்கினேன்.

"போயிடுச்சுக்கா!"

அடாப்டரின் முகத்தில் குண்டூசித் துளை. உள்ளே கேமராக் கண்ணாடி.

எவ்வளவு நாளாக? எத்தனை பேரை? கிரேஸை — குழந்தைக்குப் பால் எடுக்கிற பெண்ணை — த்தூ! என்ன ஜென்மம் இவன்! எதிரில் நின்றுகொண்டு ஃபர்ம்வேரைக் குறை சொன்னானே!

ஜூன் 11, புதன்

உதயகுமார் சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கதிர்வேல் அவர் மச்சான்.

"அவன வேலைய விட்டு அனுப்பிடறேம்மா. இதோட வுட்ருங்க. சின்ன ஊரு. கிரேஸு கைக்கொழந்தக்காரி, அவ பேரு கெடணுமா?"

"அவ பேரு எதுக்கு சார் கெடணும்? அவன் பேரு கெடட்டும்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அதக் குடுத்துட்டுப் போம்மா" என்று கையை நீட்டினார். கொடுக்கவில்லை. அடாப்டரை என் பையில் துணி சுற்றி வைத்திருந்தேன்.

வெளியே கிரேஸ் அழுதுகொண்டிருந்தாள். "வூட்ல தெரிஞ்சா வேலைக்கே அனுப்ப மாட்டாங்கக்கா." அவளைக் கட்டாயப்படுத்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நான் வேலைக்குப் போவாம இருந்துட்டா அவன் வேற எங்கயாவது கேமரா மாட்டுவான். வாங்க."

ஜூன் 12, வியாழன்

மகளிர் காவல் நிலையம். டேனியலும் கிரேஸின் வீட்டுக்காரரும் வாசலில் நின்றார்கள். அந்த மனிதர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் வைஃபை விஷயத்தைச் சொல்லச் சொல்ல, இன்ஸ்பெக்டர் அம்மா நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதிக்கொண்டார். மெமரி கார்டு உள்ளேயே இருந்தது.

கிளம்பும்போது ஆட்டோவிலிருந்து வடிவாம்பாள் அம்மா இறங்கினார். முதலாளியின் மனைவி. கதிர்வேலின் அக்கா. சமாதானம் பேச வந்திருக்கிறார் என்று நினைத்து எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறந்தேன்.

"இரும்மா," என்றார். "அவன நான்தான் தூக்கி வளத்தேன். அந்த ரூம்ல நானும் பொடவ மாத்தியிருக்கேன். எங்க கையெழுத்து போடணும்?"

ஜூன் 13, வெள்ளி

கைது. போன், லேப்டாப் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சந்தோஷமாக இருக்குமென்று நினைத்தேன். இல்லை. கோபம் அப்படியே இருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

நானும் ஆஷிஃபாவும் கிரேஸும் இப்போது பழைய வேலைக்குப் போவதில்லை. தெருவில் சிலர் எங்களைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள், தப்பு செய்தது நாங்கள் மாதிரி. பார்க்கட்டும்.

ஆஷிஃபாவின் பெரியப்பா நசீருதீன் தன் ஜரிகைக் கடை மாடியைக் கொடுத்திருக்கிறார். "நம்ம புள்ளைங்க, பேஃபிகரா, கவலயில்லாம வேல பாருங்க" என்றார். முதல் டிசைன் ஆர்டர் வடிவாம்பாள் அம்மா சொல்லியனுப்பிய ஆளிடமிருந்து.

ஆகஸ்ட் 4, திங்கள்

கதிர்வேலுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். இன்றைக்குச் சாயங்காலம் செவிலிமேடு பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். ஆடிக் கூட்டம், நகர இடமில்லை. எனக்கு நாலு ஆள் தள்ளி நிற்கிறான்.

பழைய ஆளாயிருந்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போயிருப்பேன். அப்படியே நின்றேன். நேராகப் பார்த்தேன்.

எங்கள் பஸ் வந்தது. அவனும் அந்தப் பக்கம்தான் போகவேண்டும்.

அவன் ஏறவில்லை. நான் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.