காகம் வராத வற்றல்

ஐப்பசி பன்னிரண்டு, செவ்வாய், காலை எட்டு நாற்பது. உருக்கும் உலைக்குப் போகவேண்டிய பதினான்கு சாக்கு அலுமினியச் சீவல். வேன்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். ஒரு சாக்கின் வாயை அவிழ்த்தேன். கடைசலின்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் தண்ணீர் புளித்த வாடை. அக்கா, உங்கள் நினைவு அப்போதுதான் வந்தது. நீங்கள் போய் நான்கு மாதம். என் ஒழுங்கு இவ்வளவுதான்.

நம் பட்டறையில் நான் சேர்ந்த புதிதில் உங்கள் மேல் எனக்குக் கோபம். கடைசல் எந்திரத்தடியில் விழும் சீவலை அள்ளிச் சாக்கில் கட்டினால் உங்கள் வேலை முடிந்தது. நீங்களோ மொட்டை மாடியில் பழைய சேலையை விரித்து, அத்தனையையும் கொட்டி, உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தால் இரும்புத்தூளைப் பொறுக்கி, மூன்று வெயில் காயவைப்பீர்கள்.

"வத்தல் போடுறீகளாக்கா?" என்றேன்.

"ஆமா தம்பி. காக்கா வராத வத்தல்."

ஒருநாள் பொறுக்காமல் ஈரச் சாக்குகளை நானே வேனில் ஏற்றினேன். உலையில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும் என்று விளக்கமும் சொன்னேன். டிப்ளமா படித்தவன். நீங்கள் வேனுக்கு முன்னால் போய் நின்றீர்கள்.

"போகும். போறப்ப உருகுன அலுமினியத்தையும் எறிஞ்சுட்டுப் போகும். அங்குட்டு கல்லல் ஊர்ல உலையில கொட்டுறது எங்க வீட்டுக்காரரு. ஒருக்கா கழுத்தெல்லாம் தெறிச்சு, ஒரு மாசம் சட்டை போடல. நீங்க வந்து கொட்டுறீகளா?"

சாக்குகளை இறக்கினேன். அன்று மாடியில் நானும் பரப்பினேன். "அப்பிடிப் பிடிச்சா கையக் கிழிச்சுரும். என்னத்தப் படிச்சீக" என்று கையுறையை என் மேல் எறிந்தீர்கள். ஒரு பிடிச் சீவலைச் செய்தித்தாளில் வைத்து இறுக்குவீர்கள். தாள் நனையாவிட்டால்தான் சாக்குக் கட்டுவீர்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் கேட்டது அதைத்தான்: "பேப்பர் வச்சுப் பாத்தீகளா?" பார்த்தேன் என்றேன். அன்று அது உண்மை. போன இரண்டு லோடு பார்க்கவில்லை. உலையில் நிற்கும் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் என் சாமர்த்தியம் ஏதும் இல்லை.

இன்று தாள் நனைந்தது. வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு அவருக்குப் போன் செய்து, தாள் நனைந்தது, இன்று சாக்கு வராது என்றேன்.

"பாத்தீகளா, போயும் எனக்கு லீவு வாங்கித் தர்றா" என்று சிரித்தார்.

இனி:

1. பதினான்கு சாக்கையும் மாடிக்கு ஏற்றுவது. மழை வந்தால் தார்ப்பாய்.
2. காந்தத்தைத் தேடுவது. உங்கள் டிபன் பெட்டி இருந்த அலமாரியில்தான் இருக்கும்.
3. சுழற்றி ஈரம் பிழியும் எந்திரம் கேட்டு முதலாளியை நச்சரிப்பது.
4. அது வந்தாலும் ஒரு பிடி, ஒரு தாள்.