மெருகா, மங்கலா

இன்று காலை சமையலறையில் நின்றபடி ஒரு கொய்யாவை நறுக்கினேன். முடித்துவிட்டு உன் மடக்குக் கத்தியின் அலகைத் துணியில் துடைத்தபோது, கொய்யா வாசனைக்கு அடியிலிருந்து தையல் மிஷின் எண்ணெயின் வாசனை எழுந்தது. மூட்டில் நீ விட்ட எண்ணெய் என்று எழுத ஆசைதான். ஆனால் அது போன வாரம் நான் விட்டது. எண்ணெய் விடுகிற வழக்கம் மட்டும் உன்னுடையது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால் நீ சும்மா இருக்க மாட்டாய்.

அலகை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். விழுப்புரத்து வெயில் அதன் மேல் விழுந்து சத்தமில்லாமல் அடங்கியது. பளிச்சிடாத கத்தி. இத்தனை வருஷம் என் சட்டைப் பையில் இருந்தும் புதிதாக ஒரு கீறல்கூடத் தெரியவில்லை.

நாம் சேர்ந்து வேலை பார்த்த காலத்தில் எனக்கு விழுப்புரம், உனக்குத் திண்டிவனம். நான் எழுதுவேன், நீ படம் எடுப்பாய், பத்திரிகை ஒன்றுதான். எனக்கு முதலில் கத்தி வந்தது. துபாயிலிருந்து வந்த என் மைத்துனர் கொடுத்தது. முகம் தெரிகிற அளவுக்கு மெருகு ஏற்றிய அலகு. அதைப் பார்த்துவிட்டு நீ புதுச்சேரிக்குப் போய் அதே கத்தியைத் தேடி வாங்கினாய். அதே அளவு, அதே எஃகு, அதே பிடி. மேற்பரப்பு மட்டும் வேறு. சிறு கற்களோடு போட்டு உருட்டி எடுத்து, வேண்டுமென்றே மங்கலாக்கிய அலகு அது. உன் வேலைக்கும் கத்தி தேவைப்பட்டது. விழா மேடையில் குறுக்கே தொங்கும் சணல் கயிற்றை வெட்டுவதற்கு, படத்துக்குள் தலையை நீட்டும் கிளையை ஒடிப்பதற்கு.

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் கன்னியப்பனின் டீக்கடை. அங்கே இருந்த சிமெண்டு பெஞ்சில் இரண்டு கத்திகளையும் விரித்து வைத்து நாம் போட்ட சண்டைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"இன்னாய்யா இது, சலூன் கண்ணாடி மாதிரி? நறுக்கறதுக்கா, தல சீவறதுக்கா?" என்பாய்.

"உன்னுது மட்டும் இன்னா? கழுவாத தட்டு மாதிரி."

"கீறல் வுழுந்தா உன்னுது ஊருக்கே சொல்லும். என்னுது வாயத் தொறக்காது."

கன்னியப்பன் கண்ணாடி டம்ளர்களோடு வந்து நிற்பார். "ஊர்ல எவ்ளோ பிரச்சன இருக்குது. பேப்பர்காரங்க ரெண்டு பேரும் கத்தியப் பாத்துக்கினு இருக்கறீங்க. டீ ஆறுது சார்."

சண்டை வெறும் வாய்ப்பேச்சு அல்ல. எதை நறுக்கினாலும் பாதியை என் கத்தியால், பாதியை உன் கத்தியால் என்பது நமக்குள் ஒரு சட்டம். எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்துப் பார்த்தோம். உன் அலகின் பொடிக் குழிகளில் ஈரம் தங்கி, துருப்புள்ளிகள் வந்தன. என்னுடையது சுத்தமாக இருந்தது. அன்று முழுக்க நீ என்னோடு பேசவில்லை. அப்புறம் சணல் கயிறு. ஒரே மாதத்தில் என் அலகு முழுவதும் மயிரிழை போலக் கோடுகள். உன் அலகில் எது பழையது, எது புதியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வானூரிலிருந்து வரும் நிருபர் ஒருவர் கறுப்புப் பூச்சுக் கத்தியோடு வந்து நம் பெஞ்சில் உட்கார்ந்தார். சில வாரங்களிலேயே விளிம்பில் பூச்சு போய் வெள்ளை எட்டிப் பார்த்தது. "இது தலைக்கு அடிக்கற சாயம் சார். வேர்ல காட்டிக் குடுத்துடுச்சு பாருங்க" என்றாய். அவர் தன் தலையைத் தடவிக்கொண்டார். அதன் பிறகு அவர் அந்தக் கத்தியைக் கொண்டுவரவே இல்லை.

பிரம்மதேசத்தில் கோயில் விழா நடந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். படம் எடுத்துவிட்டுக் கேமராவை என்னிடம் நீட்டினாய். "பஞ்சாயத்துத் தலைவரு கண்ண மூடிக்கினாரா பாரு. வெயில் கூசுது, ஒண்ணும் தெரியல."

நான் பார்த்துச் சொன்னேன். ஆனால் அன்று வெயிலே இல்லை. வானம் மூடிக் கிடந்தது.

திரும்பும் வழியில் கன்னியப்பன் கடையில் உட்கார்ந்தோம். அவித்த மல்லாட்டைக் கடலையும் ஒரு கொய்யாவும். வழக்கம்போலப் பாதி நீ, பாதி நான். நறுக்கிவிட்டு உன் கத்தியை விரித்தபடியே பெஞ்சில் வைத்தாய். மறுபடி எடுக்கக் கை நீட்டினாய். சாம்பல் நிறச் சிமெண்டின் மேல் சாம்பல் நிற அலகு. உன் விரல் பெஞ்சைத் தடவிக்கொண்டே போய்க் கூரான பக்கத்தில் பட்டது. ரத்தம். "கை தவறிச்சு" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாய்.

அதே பெஞ்சில் என் கத்தியும் விரிந்து கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து நீ கை நீட்டியபோது, விரல்கள் தடுமாறாமல் நேராக அதன் பிடிக்குப் போயின. அந்த மெருகு உன் கண்ணுக்கு எட்டியது.

எனக்குப் புரிந்துவிட்டது. கேட்டிருந்தால் நீ மறுத்திருப்பாய். அதில் நியாயமும் இருந்தது. படக்காரனுக்குக் கண் சரியில்லை என்ற பேச்சு ஒரு முறை கிளம்பினால் போதும், கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். உன் மகள் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். அதைவிட, கேமராவைக் கையிலிருந்து இன்னொருத்தர் வாங்கி வைப்பதை நீ தாங்கியிருக்க மாட்டாய்.

அதனால் வேறு மாதிரி சொன்னேன். "யோவ், நான் தோத்துட்டேன்யா. மங்கல்தான் ஒசத்தி. உன்னுத எனக்குக் குடுத்துடு, என்னுத நீ வெச்சிக்க."

நீ இரண்டு கத்திகளையும் மாறி மாறிப் பார்த்தாய். பிறகு, "ஜெயிச்சவன் கத்திய தோத்தவன் எடுத்துக்கினு போறதா? எந்த ஊரு நியாயம்யா இது?"

"வாங்கிக்குங்க சார். இத்தோட இந்தப் பேஜாரு முடியட்டும்" என்றார் கன்னியப்பன்.

வாங்கிக்கொண்டாய். வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு மடக்கிப் பையில் போட்டாய்.

அதற்குப் பிறகும் சில வருஷங்கள் படம் எடுத்தாய். பகல் விழாக்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாய். பிறகு ஒரு நாள் நீயாகவே ஆசிரியரிடம் போய், முட்டி வலிக்கிறது, இனி அலைய முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாய். நானும் அந்த முட்டியைப் பற்றியே உன்னிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

போன மழைக்காலத்தில் நெஞ்சு வலி உன்னைக் கொண்டுபோனது. காரியம் முடிந்து நான் கிளம்பும்போது உன் மனைவி அமுதா அந்தக் கத்தியை எடுத்துவந்து நீட்டினாள்.

"இது உங்களுதுதானேண்ணா. அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்கிட்ட இதக் காட்டினாரு. 'அவன் தோத்த மாதிரி நடிச்சான், நானும் ஜெயிச்ச மாதிரி வாங்கிக்கினு வந்துட்டேன்'னு சிரிச்சாரு. அதுக்கப்புறம்தான் கண்ணாஸ்பத்திரிக்கு வர ஒத்துக்கினாரு. அதுவரைக்கும் நான் எவ்ளோ கெஞ்சினாலும் கேக்கல."

"ஆஸ்பத்திரில இன்னாம்மா சொன்னாங்க?"

"போன பார்வ போனதுதான், மீதிய காப்பாத்தலாம்னாங்க. மருந்து ஊத்திக்கினே இருந்தோம். கடேசி வரைக்கும் பொண்ணு மொகம் தெரிஞ்சிது. அது போதும்ணா."

கத்தியை வாங்கிப் பார்த்தேன். அலகைத் திறக்க நகம் வைக்கும் பள்ளத்தைச் சுற்றிக் கீறல் மேல் கீறல். மற்ற இடமெல்லாம் பழைய மயிரிழைக் கோடுகள்தான், அங்கே மட்டும் கிறுக்கல். அமுதா எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அந்தப் பள்ளம் கைக்குச் சிக்கலேன்னு சாவியால தேடித் தேடித் தொறப்பாருண்ணா."

யாருக்கும் தெரியக்கூடாது என்று நீ மூடி வைத்ததையெல்லாம் என் மெருகு அழிக்காமல் வைத்திருந்தது. அதை என்னால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை. மடக்கி அமுதாவிடமே கொடுத்தேன். "நீயே வெச்சிக்கம்மா. அவன் ஜெயிச்சி வாங்கினது."

"காய் நறுக்கவா?"

"நறுக்கேன். நல்லா நறுக்கும்."

உன் கத்தி என்னிடம் இருக்கிறது. நறுக்கியதும் துடைக்கிறேன், மூட்டுக்கு எண்ணெய் விடுகிறேன். போன வாரம் திண்டிவனம் போனபோது கன்னியப்பன் டீயை வைத்துவிட்டுக் கேட்டார். "இப்பவாவது உண்மையச் சொல்லுங்க சார். எது ஒசத்தி?" அவருக்கு என்ன சொன்னேனோ அதையே உனக்கும் சொல்கிறேன். உன்னுதுதான் ஒசத்திய்யா, வாயத் தொறக்காது. இந்த முறை நடிக்கவில்லை.