ஃப்ரீசரில் ஒரு சாப்பாட்டு ராமன்

பிப்ரவரி 3

பழைய ஆய்வகத்தை மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். ஃப்ரீசரின் அடித்தட்டைச் சுரண்டும்போது பனிக்குள் ஒரு சின்னப் புட்டி. மேலே நெட்டையின் கோழிக் கிறுக்கல்: 'சா.ரா.'

சாப்பாட்டு ராமன்! நான், நெட்டை, வாத்து மூன்று பேரும் இதே துறையில் படித்தபோது கடைசி வருட ப்ராஜெக்டுக்காகக் குப்பைமேட்டு மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா. பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும் என்று நம்பி நெட்டை வைத்த பெயர்.

நெட்டை இறந்து இரண்டு வருடம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தவன், எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரி 4

துறைத்தலைவியிடம் புது ஃப்ரீசரில் இடம் கேட்டேன். "உபயோகம் இருக்கறதுக்குத்தான் அங்க இடம். அது பிளாஸ்டிக் திங்குதுன்னு காட்டுங்க, வெச்சுக்கலாம். இல்லைன்னா மத்த எல்லாத்தோடயும் சேர்த்து நீராவியில வேக வெச்சுக் கொட்டிடுங்க."

நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம் வருகிறது.

பிப்ரவரி 6

புட்டியிலிருந்து கொஞ்சம் சுரண்டி ஊட்டத் தட்டில் தடவி வைத்திருந்தேன். முளைத்துவிட்டான்! தட்டு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். வாத்துக்கு போன் போட்டேன். அவள் இப்போது பெயின்ட் கடை முதலாளி.

"இத்தனை வருஷம் தூங்கிட்டு இப்பதான் எழுந்தானா? சோம்பேறி! அப்படியே நெட்டை மாதிரி" என்றாள்.

பிறகு கடைக்கு ஆள் வந்திருப்பதாகச் சொல்லி போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 9

படிக்கும்போது எடுத்த மாதிரியே நீலச் சாயம் பூசிய கடைப் பை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். வெட்டி, எடை போட்டு, குடுவைகளில் இட்டாயிற்று; ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றில் மட்டும் ராமனை விடவில்லை.

அன்று எடை குறைந்திருப்பதைத் தராசு காட்டியதும் நெட்டை எங்கள் கையைப் பிடித்து இழுத்து மேசையைச் சுற்றி ஆடினான். ஒரு குடுவை உடைந்தது. உலகத்துக் குப்பையை எல்லாம் நாங்களே ஒழித்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு. அந்த மிதப்பு எனக்கு மறுபடி வேண்டும் — ஆராய்ச்சி எல்லாம் அப்புறம்தான்.

பிப்ரவரி 15

மரபணு சோதனைக்கும் கொஞ்சம் அனுப்பினேன். பயலின் உண்மையான பெயர் தெரியட்டும். சாப்பிடுடா, ராசா.

பிப்ரவரி 24

எடை குறைந்திருக்கிறது. ஆனால் பாக்டீரியா போடாத குடுவையிலும் அதே அளவு குறைந்திருக்கிறது! துண்டுகளைக் கழுவிய ஆல்கஹால் நீலமாகக் கிடக்கிறது. போனது பிளாஸ்டிக் இல்லை, மேலே பூசிய சாயம்.

அன்று ஏன் தெரியவில்லை? நீலப் பை தீர்ந்துபோனதால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான துண்டைச் சாயமே இல்லாத வெள்ளைப் பையில் வெட்டினோம்!

வாத்து விழுந்து விழுந்து சிரித்தாள். "போச்சுடி, நம்ம சாயம் வெளுத்துப் போச்சு!" நானும் சிரித்தேன். போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. இனி எதைக் காட்டி இடம் கேட்பேன்?

பிப்ரவரி 26

சோதனை முடிவு வந்தது. அது குப்பைமேட்டுப் பாக்டீரியாவே இல்லையாம். மனிதத் தோலில் சாதாரணமாக வாழ்கிற ஒன்று. யாருடைய கையிலிருந்தோ தட்டில் விழுந்து வளர்ந்திருக்கிறது.

யாருடையதோ என்ன யாருடையதோ! நானும் வாத்தும் கையுறை இல்லாமல் எதையும் தொட மாட்டோம். "கை வேர்த்துக் கொட்டுதுப்பா" என்று கழற்றி எறிகிறவன் அவன் ஒருவன்தான்.

வாத்திடம் சொன்னேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"அப்போ... அது அவன் கையில இருந்ததாடி?"

"ஆமா."

"நான் வரேன். ஒரு தடவை பாத்துக்கறேன்."

பிப்ரவரி 28

வாத்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். திட்டினாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடி திட்டினாள்.

மற்ற புட்டிகள் எல்லாம் வெந்து முடிந்துவிட்டன. துறைத்தலைவி என் கையிலிருந்த 'சா.ரா.' புட்டியைப் பார்த்தார்.

"அந்த ஒண்ணு மட்டும்?"

"இதனால ஒரு உபயோகமும் இல்லை மேடம். எங்க ஃப்ரெண்டு."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புது ஃப்ரீசரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.